கரிக்குன்று ஓவின் சரித்திரம்

கிராம சபைக் கூட்டத்தில் மாடம்மாள் எழுந்து, "இந்த வருசம் கரி எடுப்புக்குக் கூலி யாரு தருவா, அத முதல்ல சொல்லுங்க" என்று கேட்டபோது பொன்செல்விக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ள வசதியில்லை. டீச்சர் என்பதால் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

மாடம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். கரிக்குன்றில் வருஷந்தோறும் மேட மாதம் என்கிற சித்திரையின் கடைசி வெள்ளியன்று நடக்கும் கரி எடுப்பை முன்னின்று நடத்துகிறவளும் அவள்தான். அன்று வீட்டுக்கு ஒரு பெண் குளித்துவிட்டு, மீன் தொடாமல், கூடையோடு குன்றின் அடிவாரத்துக் குகைக்குள் போவாள். குகையை ஊரில் ஓவு என்பார்கள். உள்ளே தரையில் படிந்திருக்கும் கறுப்புச் சேற்றில் ஒரு கூடை அள்ளி வந்து கீழே ஓடையில் கொட்டுவாள். கரியம்மனுக்குச் செய்யும் நேர்ச்சை அது. போன வருஷம் வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். நேர்ச்சைக்குக் கூலி கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. தோன்ற வைத்தவள் பொன்செல்வி.

தொண்ணூற்றாறாம் வருஷக் கடைசியில், ஒவ்வொரு பஞ்சாயத்தும் தனக்கு வேண்டிய திட்டத்தைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. திட்டத்துக்கு முன்னால் ஓர் அறிக்கை. அறிக்கையில் முதலில் ஊரின் சரித்திரம். வார்டு மெம்பர் சத்தியதாஸ் பொன்செல்வியைத் தேடி வந்தார். அவள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு தமிழ்ப் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறாள். வாரநாட்களில் டவுனில் வாடகை அறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலைக்குப் போகும் பஸ் பிடித்து அண்ணன் வேல்சாமி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"டீச்சரே, நம்ம கரிக்குன்னுக்கு ஒரு சரித்திரம் வேணும். ரெண்டு பேஜ் போதும், கூடுதல் வேண்டா" என்றார் சத்தியதாஸ்.

இரண்டு பக்கத்தில் எதையும் சொல்லி முடிக்கத் தெரியாதவள் பொன்செல்வி. குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்று பஸ் கண்டக்டருக்குச் சொல்லத் தொடங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். சரித்திரம் என்றதும் ஊரில் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். டீக்கடைப் பிச்சுமணி, அந்தக் காலத்து ராஜா எதிரிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த குகை அது என்றார். அவருடைய கடையிலேயே உட்கார்ந்திருந்த இன்னொருவர், ஓவு உள்ளே போய்க் கோட்டைக்குள் கோயில் குளத்தில் முடிகிறது என்றார். மலையிலிருந்து கோட்டை வரைக்கும் பஸ்ஸில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யார் தோண்டியிருப்பார்கள், தோண்டிய மண்ணை எங்கே கொட்டியிருப்பார்கள் என்று கேட்டாள். "அதெல்லாம் அந்தக் காலத்து ஆளுக பாத்துக்கிடுவாங்க" என்று பதில் வந்தது.

ஆகவே தானே இறங்கினாள். நூலகத்தில் பழைய அறிக்கைகளைப் புரட்டினாள். அண்ணன் கொத்தனார் என்பதால் அவனுடைய தண்ணீர்க் குழாயை வாங்கிக்கொண்டாள். சுவர் எழுப்பும்போது மட்டம் பார்க்க வைத்திருக்கும் நீண்ட பிளாஸ்டிக் குழாய்தான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்து ஓவின் வாயிலிருந்து உள்ளே வளைவு வரைக்கும் மட்டம் பார்த்தாள். தரை உள்ளே போகப் போக ஒரே சீராக, மிக லேசாக உயர்ந்துகொண்டே போனது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கு ஓவுக்குள் நின்று தனியாகச் சிரித்ததை வேல்சாமி வெளியே இருந்து பார்த்துவிட்டான்.

அது குகையே இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இந்தக் குன்றில் காரீயக் கரி தோண்டியது. பென்சிலுக்குள் இருக்கிறதே, அந்தக் கரி. அடுக்கடுக்காக இருக்கும், அப்பளக் கட்டைச் சாய்த்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போவது போல அந்த அடுக்குகள் வழுக்கும். அதனால்தான் தாளில் தேய்த்தால் ஒட்டுகிறது, விரலில் பட்டால் மினுங்குகிறது. எவ்வளவு சூட்டிலும் உருகாது. தட்டான் பொன் உருக்கும் மூசையை அதை வைத்துத்தான் செய்தார்கள். கரி பாறைக்குள் நரம்பு போலச் சாய்வாக இறங்கும். அதைத் தொடர்ந்து குழியும் இறங்கும். இறங்க இறங்க ஊற்று. மழைக்காலத்தில் குழி கிணறாகிவிடும். நீராவிப் பம்பு வைத்து மேலே இறைத்தால் விறகு போதாது. கம்பெனி வேறு விதமாக யோசித்தது. தண்ணீரை மேலே தூக்குவானேன், கீழே வழி விட்டால் தானே ஓடிவிடுமே. அடிவாரத்திலிருந்து குழியின் அடிமட்டத்துக்குப் படுக்கையாக ஒரு பாதை குடைந்தார்கள். அதுதான் ஓவு.

இனித்தான் அவளுக்கு மிகவும் பிடித்த இடம். பாதையை அதிகம் சரித்துக் குடைந்தால், உள்ளே போகப் போக அது குழியின் அடியை விட்டுவிட்டு மேலே போய் முட்டும். ஆகவே சரிவைக் குறைத்தே தீர வேண்டும். சரிவு குறைந்தால் தண்ணீர் மெல்ல வரும். மெல்ல வரும் தண்ணீர் கொண்டுவந்த சேற்றை வழியிலேயே போட்டுவிட்டுப் போகும். ஆகவே ஜூனில் தொடங்கும் எடவப்பாதி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் சேறு வார வேண்டும். ஆண்கள் வெட்டிக் கொடுக்க, நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் வந்த கூலிப் பெண்கள் கூடையில் சுமந்தார்கள். பிறகு கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போனது. கூலி நின்றது. ஆனால் ஓவின் வாய்க்கு நேர் கீழேதான் கூலிக்காரர்களின் வீடுகள். வாராவிட்டால் தண்ணீர் உள்ளே தேங்கி ஒருநாள் அடைப்பை உடைத்துக்கொண்டு வீடுகளின் மேல் வரும். ஆகவே வாருவது நிற்கவில்லை. கூலியில்லாத வேலைக்கு யாரும் பிள்ளைகளிடம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்; அம்மனுக்கு என்றால் கேள்வி இல்லை.

இதை எழுதியதோடு நின்றிருக்கலாம். அறிக்கை வாசித்த கூட்டத்துக்கு அவள் ஒரு வாளியையும் ரப்பர் குழாயையும் கொண்டுபோனாள். வாளிதான் குழி, குழாய்தான் ஓவு. முதலில் தண்ணீர் சலசலவென்று போனது. பிறகு பிச்சுமணி கடையில் வாங்கிய தேயிலைச் சக்கையைக் குழாய்க்குள் திணித்தாள். வாளியில் தண்ணீர் ஏறியது. ஏறி, சக்கையைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்து சத்தியதாஸின் வெள்ளை வேட்டியை நனைத்தது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த மாடம்மாள் மட்டும் கைதட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே வாளியைப் பார்த்தபடி இருந்தாள். நன்றாகப் புரிந்திருக்கிறது என்று பொன்செல்வி சந்தோஷப்பட்டாள்.

நன்றாகத்தான் புரிந்திருந்தது. இப்போது அவள் எழுந்து நின்று கேட்கிறாள்: "இது சுரங்க வேலையின்னு டீச்சரே சொல்லியாச்சு. சுரங்க வேலைன்னா சர்க்காரு வேலை. நாங்க எதுக்கு ஓசிக்குச் செய்யணும்?"

சத்தியதாஸ் பொன்செல்வியைப் பார்த்தார். "பாயிண்ட் உண்டு, அல்லே டீச்சரே?"

"பாயிண்ட் இருக்கு. ஆனா மழைக்கு முன்னால வாரணுமே" என்றாள் பொன்செல்வி.

"வாரணும், வாரணும். நீங்க டவுன்ல இருக்கிற ஆளு. ஆபீஸ்ல ஒண்ணு சொல்லி வையுங்க" என்றார் சத்தியதாஸ்.

கோடை விடுமுறை. மலையிலிருந்து வளைவு வளைவாக இறங்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே டவுனுக்குப் போனாள். ஓர் அலுவலகத்தில், கைவிட்ட சுரங்கம் தங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், குன்றின் மேல்பாதி தங்களுடையது, ஓவின் வாய் இருக்கும் கீழ்பாதி தங்களுடையது அல்ல என்றார்கள். தண்ணீர் மேலே இருந்துதானே வருகிறது என்றாள். அப்படியானால் அது வரும்போது தங்களுடையது, வெளியே வந்த பிறகு வேறு யாருடையதோ என்று விளக்கினார்கள். மூன்றாவது அலுவலகத்தில் பத்மஜா என்றொரு என்ஜினீயர் இருந்தாள். கோட்டைப் பக்கத்து அக்கிரகாரத்துப் பெண். பொன்செல்வியின் அறிக்கையை எடுத்து வைத்துப் பொறுமையாகப் படித்தாள். அதுவே பொன்செல்விக்கு நம்பிக்கை தந்தது.

"ரொம்ப நன்னா எழுதியிருக்கேள் டீச்சர். டயக்ராம் எல்லாம் போட்டு, ஒரு சந்தேகம் இல்லாம பண்ணிட்டேள். அதுதான் கஷ்டம்."

"என்ன கஷ்டம்?"

"இது மைன்னு நீங்களே ப்ரூவ் பண்ணிட்டேளே. மூடின மைனுக்குள்ள ஒரு ஆளைக்கூட நான் அனுப்ப முடியாது. சேஃப்டி ரூல். குகை, கோவில் சடங்குன்னு எழுதியிருந்தேள்னா எனக்குத் தெரியவே தெரியாதுன்னு விட்டிருப்பேன்."

"இத்தன வருசமா பொம்பளைங்க உள்ள போயிட்டு வந்திட்டிருக்காங்க."

"அதையும் எழுதியிருக்கேள். படிச்சதும் எனக்குத் திக்குன்னு ஆயிடுத்து."

பத்மஜா சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே ஆள் அனுப்பினாள். அவர்கள் வந்து ஓவின் வாயில் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். அபாயம், உள்ளே செல்லக் கூடாது என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நூறு வருஷத்தில் அந்தச் சுரங்கத்துக்கு அரசாங்கம் செய்த ஒரே காரியம் அதுதான்.

மேடத்துக் கடைசி வெள்ளி வந்தது, போனது. யாரும் கூடை எடுக்கவில்லை. அந்த வாரம் கோடை மழை இரண்டு தடவை பெய்தது. பெய்த பிறகும் ஓவிலிருந்து வந்த தண்ணீர் மெலிந்துதான் இருந்தது. பொன்செல்வி குன்றின் மேலே ஏறிப்போய்ப் பழைய குழியை எட்டிப் பார்த்தாள். போன மாதம் வெளியே தெரிந்த ஒரு பாறைத் திட்டு தண்ணீருக்குள் போயிருந்தது. மேலே ஏறுகிறது, கீழே மெலிகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

வேல்சாமியின் வீடுதான் ஓவின் வாய்க்கு மிக அருகில். "அண்ணே, மழை முடியறவரைக்கும் அண்ணியையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டு டவுனுக்கு வந்துரு. வேற வீடு பாக்கலாம்" என்றாள்.

"எதுக்கு?"

சொன்னாள். வாளி, குழாய், சக்கை எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னாள்.

வேல்சாமி பீடியைப் பற்றவைத்தான். "நீ சரித்திரம் எழுதற வரைக்கும் இந்த ஓவு ஒழுங்கா ஓடிச்சு, பாத்துக்க."

"நான் எழுதினதுனால அடைக்கலண்ணே. வாராததுனால அடைக்குது."

"வாராததுக்குக் காரணம் யாரு?"

அவன் தொடர்ந்தான்: "நான் வாரிப்போடலாம். ஆம்பள உள்ள போகக் கூடாதுன்னு சொல்லுவாளுக. போனேன்னா நாளைக்கு ஒருத்தி என்கிட்ட வீடு கட்டச் சொல்ல மாட்டா. போயி மாடம்மாச் சித்திகிட்ட பேசு."

மாடம்மாள் வீட்டு வாசலில் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கத்தியை நிறுத்தாமல், "வா பொன்னு. வாளி கொண்டுவரலியா?" என்றாள்.

"சித்தி, கேலி பண்ணாத. மழை வரப்போகுது. வழக்கம் போல எல்லாரையும் கூப்பிட்டு ஒரு தடவை வாரிருங்க. அம்மனுக்குன்னு நெனச்சு."

"அம்மன் எங்க இருக்கா?"

"நான் அம்மன் இல்லன்னு சொல்லவே இல்லையே."

"சொல்லல. வாளியக் காட்டினே. குழாயக் காட்டினே. தேயிலையக் காட்டினே. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள அம்மன் நிக்க எடமில்ல."

"அப்ப தண்ணிக்காகச் செய்யுங்க. வீடுங்க போயிருமே சித்தி. உன் வீடும்தானே கீழ இருக்கு."

மாடம்மாள் கத்தியை வைத்தாள். "ஏட்டி, நீ வாசிச்சப்ப ஒண்ணு சொன்னே. கம்பெனி கூலி குடுத்துச் செஞ்ச வேலைய, கம்பெனி போனப்பறம் எங்க அம்மைமாரு கூலி இல்லாம செஞ்சாங்க, அவுங்களுக்கே தெரியாதுன்னு. எல்லாவனும் கைதட்டினான். எங்க அம்ம குளிச்சு, வெள்ள உடுத்தி, விரதம் பிடிச்சு அந்தக் கூடையத் தூக்குவா. அவ ஒரு வெள்ளக்காரனுக்கு ஓசியில சேறு சொமந்தவன்னு நீ மைக்குல சொன்னே. எனக்கு வெக்கமா போச்சு. நான் இனி ஓசிக்குத் தூக்க மாட்டேன்."

பொன்செல்வி தான் எழுதியதில் எந்த வரி தப்பு என்று தேடிப் பார்த்தாள். ஒரு வரியும் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. மாடம்மாள் மறுபடியும் கிழங்கைச் சீவத் தொடங்கினாள். போகும்போது நாலு கிழங்கு கையில் கொடுத்து அனுப்பினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பொன்செல்வி அண்ணனுடைய சாந்துச் சட்டியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரிடமும் இனி எதையும் விளக்கப் போவதில்லை. பலகையைத் தாண்டி, ரப்பர் செருப்போடு உள்ளே போனாள். சேறு கணுக்காலுக்கு மேலே வந்தது. நிமிர்ந்தால் தலை பாறையில் இடித்தது. குனிந்தால் மண்வெட்டியை ஓங்க இடமில்லை. ஒரு சட்டி நிரப்பி இடுப்பில் வைத்தாள், வழுக்கியது. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே வந்து வாய் ஓரத்திலேயே கொட்டினாள். கை, முகம், புடவை எல்லாம் கறுத்து வெள்ளி போல மினுங்கின. மறுபடியும் போனாள். இப்படி ஒருத்தி வாரினால் ஓணம் வரைக்கும் வார வேண்டும் என்று கணக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாரினாள்.

கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண் ஒருத்தி பாதையில் நின்று பார்த்தாள். வந்த வழியே திரும்பி ஓடினாள். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு இடுப்பில் கொழுந்துப் படுதாவைக் கட்டியபடியே மாடம்மாள் வந்தாள்.

"ஏட்டி, வெளிய வா."

பொன்செல்வி சட்டியோடு வெளியே வந்தாள்.

"செருப்போடயா போனே?"

"உள்ள கல்லு குத்துது சித்தி."

"மீன் தின்னியா?"

"நேத்து."

"நெனச்சேன்." மாடம்மாள் வாயோரத்துக் குவியலைப் பார்த்தாள். "முதல் கூடைய எங்க கொட்டினே?"

"அதுலதான் எங்கயோ இருக்கும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முதல் கூடை யாரு வீட்டுது?" என்றாள் மாடம்மாள்.

பொன்செல்விக்கு இது தெரியாது. சின்ன வயதிலேயே படிக்க டவுனுக்குப் போய்விட்டவள். கரி எடுப்பில் கூடை தூக்கியதில்லை. யார் வீட்டுக் கூடை முதலில் வெளியே வர வேண்டும், அடுத்தது எது என்பதற்கு ஊரில் ஒரு வரிசை உண்டு. திருவிழாவில் முதல் மரியாதை எந்த வீட்டுக்கு என்பது போல. முதல் கூடை மாடம்மாள் வீட்டுடையது. அவள் பிறப்பதற்கு முன்னால் இருந்தே அப்படித்தான்.

"இந்த வருசத்து முதல் கூடை வேல்சாமி வீட்டுதுன்னு ஆகிப்போச்சே" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி, சந்தோஷமாக.

"எப்பிடி ஆகும்? அவ கூடையா எடுத்தா? சாந்துச் சட்டி எடுத்தா" என்றாள் மாடம்மாள்.

"சேறு வெளிய வந்திருச்சே அக்கா. ரெண்டாவது கூடை எங்களுது, அதையும் அவளே எடுத்திருப்பா. நாங்க விட்டுக் குடுக்க மாட்டோம், ஆமா."

"அப்ப நாலாவது எங்களுது?" என்றாள் இன்னொருத்தி.

"உங்களுது அஞ்சாவது. போன வருசமே சண்டை போட்டுத் தீத்தாச்சு."

பொன்செல்வி சட்டியைக் கீழே வைத்தாள். "சித்தி, நேத்துதானே ஓசிக்குத் தூக்க மாட்டேன்னு சொன்னே."

"இப்பவும் சொல்லுதேன். கூலி கூலிதான், அத சத்தியதாஸ் கழுத்தப் பிடிச்சு வாங்குவோம். அதுக்காக எங்க வீட்டுக் கூடைய உங்க அண்ணன் வீட்டுக்குத் தாரை வாத்துக் குடுக்கணுமா?" மாடம்மாள் படுதாவை அவிழ்த்துத் தோளில் போட்டாள். "நீ வாரினத எடுத்துத் திரும்ப உள்ள கொண்டு போடு."

"என்னது?"

"உள்ள கொண்டு போடு. நான் குளிச்சிட்டு வாறேன். முதல் கூடை நான் எடுக்கணும்."

"சித்தி, இது அடைப்பு. அடைப்ப எடுத்து வெளிய போட்டிருக்கேன். திரும்ப உள்ள போட்டா..." அவள் குரல் வகுப்பறைக் குரலாக ஏறியது. "யாரு முதல்ல எடுத்தா என்ன? சேறு சேறுதானே."

எல்லாரும் அவளைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், மந்தமான பிள்ளைக்குப் புரியும் வரை டீச்சர் காத்து நிற்பது போல. கடைசியில் அவர்களில் ஒருத்தி இறங்கி வந்தாள்: "எல்லாம் வேண்டாம் டீச்சரே. ஒரு சட்டி போதும். முதல்ல எடுத்தது."

"முதல்ல எடுத்தது எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அடியில இருக்கும்லா."

பொன்செல்வி குவியலின் அடியிலிருந்து ஒரு சட்டிச் சேற்றை அள்ளினாள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். தான் படித்ததற்கும் பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் எதிராக, அடைத்துக் கிடக்கும் ஒரு குழாய்க்குள் அடைப்பைத் தன் கையால் சுமந்துகொண்டு போய் வளைவருகே கொட்டினாள். திரும்பி வரும்போது கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மாடம்மாள் ஈரத் தலையும் வெள்ளைப் புடவையுமாக வந்தாள். கூடையோடு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. தோட்டத்து வேலைக்கு அன்று யாரும் போகவில்லை. யாருக்கு முன்னால் யார் என்று இரண்டு முறை சண்டை வந்து தீர்ந்தது. நேர்ச்சைக்கு வீட்டுக்கு ஒரு கூடைதான் கணக்கு. இந்த வருஷம் சேறு அதிகம் என்பதால் ஒரு சுற்று முடிந்ததும் மாடம்மாளே அடுத்த சுற்றைத் தொடங்கி வைத்தாள். அதற்கும் முதல் கூடை அவளுடையதே.

மத்தியானம் வாக்கில் உள்ளே எங்கேயோ ஒரு கொப்பளிப்பு கேட்டது. தண்ணீர் மை போலக் கறுத்து வந்து, பிறகு கணுக்கால் உயரத்துக்குப் பெருகி, இரைச்சலோடு ஓடையில் விழுந்தது. கீழே வேல்சாமி வீட்டுக்கு வெளியே வந்து நின்று பார்த்தான். மேலே வரவில்லை.

மீன் தின்ற குற்றத்துக்கு வேல்சாமி வீட்டுக் கூடையை வரிசையின் கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். பொன்செல்வி குளித்துவிட்டு, யாரோ கொடுத்த கூடையோடு வாலில் நின்றாள். முன்னால் நின்றவள் சேற்றை ஓடைக்கரையிலேயே கொட்டப் போவதைப் பார்த்ததும் பொன்செல்வியால் சும்மா இருக்க முடியவில்லை.

"அங்க கொட்டினா மழைக்குத் திரும்பக் கரைஞ்சு ஓடைய அடைக்கும். கொஞ்சம் கீழ, இழுப்பு இருக்கிற எடத்துல கொட்டணும். ஏன்னா தண்ணியோட வேகம்..."

"டீச்சரே," என்றாள் அந்தப் பெண், கூடையை இறக்காமலே கீழே நடந்துகொண்டு, "கொட்டுற எடம் தெரியும். ஏன்னு மட்டும் சொல்லிராதீங்க."